துறைமுக ரயிலில் நம் இடம் எங்கே போனது?

செஞ்சியில் ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் பாதை போடப்போவதாக அறிவித்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் ஒரு வண்டிகூட ஓடவில்லை. எங்கள் மாலைப் படிப்பகத்தில் ரயில்வே லெவல்-1 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ரயிலைப் பார்க்க வேண்டுமானால் திண்டிவனம்தான் போகவேண்டும். அவர்களில் ஒரு மாணவி கேட்டார்: "சென்னைத் துறைமுகத்துக்குத் தனியா ரயில்வே இருக்காமே, அதுக்கு யார் ஆள் எடுக்கிறாங்க?" சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தேடப் போனால், கடந்த முப்பது ஆண்டுகளில் பொதுத்துறையில் நாம் இழந்தது என்ன என்ற இடத்தில் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

முதலில், துறைமுக ரயில்வே என்றால் என்ன? நாம் ஏறிப்போகும் ரயில்வே அல்ல அது. ராயபுரம், கடற்கரை நிலையங்களுக்குக் கிழக்கே, மதில் சுவருக்கு உள்ளே, சரக்குக்காக மட்டும் போட்ட பாதைகள். தெற்கு ரயில்வே சரக்கு வண்டியைக் கொண்டுவந்து துறைமுக யார்டில் விட்டுவிடும். அங்கிருந்து துறைமுகத்தின் எஞ்சின் அதை இழுத்துக்கொண்டுபோய், இந்த வேகன் இந்தக் கப்பலுக்கு, அந்த வேகன் அந்தக் கிடங்குக்கு என்று பிரித்து நிறுத்தும். இதைத்தான் ஷண்டிங் என்கிறோம். இதற்கு வேகம் தேவையில்லை. நடை வேகத்தில் கனமான வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, அங்குல அளவில் நிறுத்தத் தெரியவேண்டும். எஞ்சினில் இருப்பவருக்குப் பின்கோடியில் நடப்பது தெரியாது. கீழே கொடியோ விளக்கோ பிடித்து நிற்கும் பாயிண்ட்ஸ்மேனின் கைதான் அவருக்குக் கண். முன்பெல்லாம் அந்தப் பாயிண்ட்ஸ்மேன்தான் இரண்டு வேகன்களுக்கு நடுவே குனிந்து நுழைந்து, இரும்புக் கொக்கியைத் தூக்கி மாட்டி, திருகி இறுக்க வேண்டியிருந்தது. மழை நாளில், இரவு ஷிஃப்டில், தரையோடு தரையாகப் பதித்த தண்டவாளத்தின் மேல் கால் வழுக்கும் இடத்தில் செய்த வேலை அது. எஞ்சின் அரை அடி கூடுதலாகத் தள்ளினால் உயிர் போய்விடும்.

இந்தத் துறைமுகம் எழும்பியதே தண்டவாளத்தின் மேல்தான். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோது சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். மசூலாப் படகுகள் அலையைக் கிழித்துப் போய்ச் சரக்கை எடுத்து வரும். கரையில் கூலிகள் தலைச்சுமையாக இறக்குவார்கள். 1875-ல் இங்கிலாந்து இளவரசர் அடிக்கல் நாட்டித் துறைமுக வேலை தொடங்கியது. அலைதடுப்புச் சுவருக்கான கல் பல்லாவரம் குன்றுகளில் வெட்டப்பட்டு ரயிலில் வந்து கடலில் கொட்டப்பட்டது. 1881-ல் வந்த புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடியும் கல் வெட்டினார்கள், மறுபடியும் கொட்டினார்கள். 1904-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்த சர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங் ரயில்வே பொறியாளராக இருந்தவர். துறைமுகத்துக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் என்று அவர் பெயரைச் சொல்வார்கள். அவர் காலத்தில் 1912-ல் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜன் பிறகு உலகக் கணித மேதை ஆனார். அது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, இருக்கட்டும். அதே ஆண்டு அதே துறைமுகத்தில் கொக்கி மாட்டியவர்கள் யார், எந்தச் சேரியிலிருந்து வந்தார்கள் என்று எந்தப் புத்தகம் சொல்கிறது?

உலகம் முழுக்க இதே கதைதான். இங்கிலாந்தில் சாத்தம் என்ற ஊரில் நானூறு ஆண்டுப் பழைமையான கடற்படைக் கப்பல்துறை இருந்தது. 1984-ல் அதை மூடினார்கள். இன்று அது அருங்காட்சியகம். அதன் பழைய எஞ்சின்களைத் தன்னார்வலர்கள் துடைத்து மெருகேற்றிப் பார்வையாளர்களுக்காக ஓட்டுகிறார்கள். ரயில் ஆர்வலர்களிடம் பேசினால் எந்த எஞ்சினை எந்தக் கம்பெனி எந்த ஆண்டு செய்தது, அதன் வரிசை எண் என்ன என்பதுவரை ஒப்பிப்பார்கள். அந்த ஆர்வத்தை நாங்கள் கேலி செய்யவில்லை, நம்மிடமும் அது வேண்டும். ஆனால் நம் ஊரில் மரபு என்ற சொல் எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர்களின் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பட்டியலில் உள்ள ஒரே கோட்டை நம் செஞ்சிக் கோட்டைதான். ராஜகிரிக்கு மேல் கல் ஏற்றியவர்களைப் பற்றி அறிவிப்புப் பலகையில் ஒரு வரி தேடுங்கள்.

இனி சாதிக்கு வருவோம். ரயில்வேயில் சாதி எப்படி உட்கார்ந்திருந்தது என்பதை அண்ணல் அம்பேத்கர் அளவுக்குத் துல்லியமாகச் சொன்னவர் வேறு யாருமில்லை. 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ஜி.ஐ.பி. ரயில்வே தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் அவர் பேசியதில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இரு எதிரிகள் என்று சொன்ன பகுதியை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். அதே பேச்சில் வேலை வேலையாக அவர் பிரித்துக் காட்டிய பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தீண்டப்படாதவர் ரயில்வேயில் சேர்ந்தால் ஆயுள் முழுக்க கேங்மேன்தான். போர்ட்டர் வேலைகூடக் கிடைக்காது. ஏனென்றால் போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார், அந்த வீட்டுக்குள் இவர் நுழைய முடியாது. பட்டறையில் கூலியாக இருக்கலாம், மெக்கானிக் ஆக முடியாது. இயந்திரம் சாதி பார்க்காது, சரிதான். ஆனால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்பதை முடிவு செய்கிறவர் சாதி பார்க்கிறார்.

எனவே துறைமுக ரயில் என்றதும் நாம் கேட்கவேண்டியது, 'நம்மவர் எத்தனை பேர்?' என்பது மட்டுமல்ல. எந்த வேலையில் எத்தனை பேர்? தண்டவாளத்தில் எத்தனை பேர், கொக்கியில் எத்தனை பேர், எஞ்சின் கேபினில் எத்தனை பேர், வண்டியை எங்கே நிறுத்துவது என்று உத்தரவிடும் அறையில் எத்தனை பேர்?

இந்தப் படியில் நாம் ஏறத் தொடங்கியதே சட்டத்தின் கையைப் பிடித்துத்தான். வைஸ்ராய் நிர்வாக சபையில் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943-ல் மத்தியப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. இன்று அகில இந்திய அளவில் அது 15. தமிழ்நாட்டிலிருந்தே ஆள் எடுக்கும் மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கு 19. துறைமுகம் மத்திய அரசு நிறுவனம் என்பதால் அங்கும் ரோஸ்டர் உண்டு. இன்னொரு பக்கம், 1948-ல் வந்த கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம் தினக்கூலியாகக் கங்காணி முன்னால் கைகட்டி நின்றவர்களைப் பதிவு செய்து, வாரியத்தின் தொழிலாளர் ஆக்கியது. வடசென்னையில் இந்த வேலைகள் எத்தனையோ குடும்பங்களுக்கு என்ன செய்தன என்று அந்தத் தெருக்களில் கேட்டுப் பாருங்கள். நிரந்தரச் சம்பளம், குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பென்ஷன். அப்பா மூட்டை தூக்கினார், பிள்ளை டிகிரி முடித்தது என்ற வாக்கியத்துக்கு நடுவில் இருப்பது இந்த நான்கும்தான்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. 1997-ல் பெரிய துறைமுகங்களுக்கு 1948-ன் சட்டம் பொருந்தாமல் செய்யத் தனிச் சட்டம் வந்தது. 2001 நவம்பரில் சென்னையின் கன்டெய்னர் முனையம் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் பி அண்ட் ஓ நிறுவனத்துக்குப் போனது, அது இன்று டி.பி. வேர்ல்டு கையில் இருக்கிறது. 2009-ல் இரண்டாவது முனையமும் தனியார் வழியாகவே வந்தது. 2011 அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்தியது. கர்நாடகத்திலிருந்து தாது ஏற்றிய ரயில்கள் வந்துகொண்டிருந்த பாரதி டாக் வேறு மாதிரி ஆனது. துறைமுக ரயிலுக்கு மொத்தச் சரக்குதான் உயிர். அது எண்ணூருக்குப் போனது.

அந்தத் தீர்ப்பை நாங்கள் குறை சொல்லவில்லை. கரித்தூசியைச் சுவாசித்த ராயபுரத்து மக்களும் நம் மக்கள்தான், அது நின்றதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தூசி ஒழியவில்லை, இடம் மாறியது. எண்ணூர்க்காரர்கள் இன்று அதைச் சுவாசிக்கிறார்கள். தூசி இடம் மாறியபோது வேலையும் அதோடு போனது, வேலைக்குரிய இடஒதுக்கீடு மட்டும் போகவில்லை. தனியார் முனையத்துக்கு ரோஸ்டர் கிடையாது. நிலமும் கடலும் கரையில் போட்ட தண்டவாளமும் பொதுச் சொத்து. அதன் மேல் நடக்கும் வேலைவாய்ப்பு தனியார் விருப்பம். இந்தக் கணக்கு நமக்குப் புரியவில்லை.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: "மூட்டை தூக்குவதும் கொக்கி மாட்டுவதும் நமக்கு வேண்டாம் என்றுதானே பாபாசாகேப் சொன்னார்? கிரேன் வந்தால் நல்லதுதானே?" நல்லதுதான். தலையிலிருந்து சுமை இறங்கியதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட நாங்கள் விடமாட்டோம். நம் கேள்வி, அந்தக் கிரேனின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதுதான். கையால் செய்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. இயந்திரத்தை இயக்கும் வேலை ஒதுக்கீடு இல்லாத இடத்தில் பிறந்தது. மிச்சமிருக்கும் சுத்தம் செய்தல், கட்டுதல், காவல், தண்டவாளப் பராமரிப்பு போன்றவை ஒப்பந்ததாரர் வழியாகப் போகும்போது அங்கே ஒதுக்கீடு தேவையே இல்லை. அங்கே யார் நிற்கிறார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

எங்களை அதிகம் உறுத்துவது ஒரு பெயர்தான். சென்னைத் துறைமுகத்தில் மூன்று கப்பல்துறைகள்: ஜவகர் டாக், பாரதி டாக், அம்பேத்கர் டாக். பெயரை வைத்தவர்களுக்கு நன்றி. அம்பேத்கர் டாக்கில் இன்று ஒரு நாள் ஷிஃப்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் நிரந்தரப் பணியாளர் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, இருவரிலும் பட்டியல் சாதியினர் எத்தனை என்ற நான்கு எண்களையும் பெயர்ப் பலகைக்குக் கீழே எழுதி வைக்கட்டும்.

கேட்டால்தான் எழுதுவார்கள். மத்திய அரசு நிறுவனத்துக்குத் தகவல் உரிமை மனு போடப் பத்து ரூபாய்தான். சென்னைத் துறைமுக ஆணையத்திடம் கேட்கவேண்டியவை: ரயில்வே பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பியவை, காலி, ரோஸ்டர் பதிவேட்டின் நகல், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்கள், 2001-க்குப் பிறகு ஆண்டுவாரியாக ஒழிக்கப்பட்ட பணியிடங்கள், எஞ்சின் ஓட்டவும் பாதை பராமரிக்கவும் யாரிடம் ஒப்பந்தம், எத்தனை பேருக்கு. 2015-ல் பெரிய துறைமுகங்கள் சேர்ந்து தங்கள் ரயில் வேலைகளுக்கென்று ஒரு தனி நிறுவனமே தொடங்கின. இன்று அதன் பெயர் இந்தியத் துறைமுக ரயில் மற்றும் ரோப்வே கழகம். அதற்கும் இதே கேள்விகளை அனுப்பலாம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. எண்கள் கைக்கு வந்ததும் அரசமைப்புச் சட்டத்தின் 338-வது பிரிவின்கீழ் இயங்கும் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்திடம் போகலாம்.

சமூகவியல், வரலாறு படிக்கும் தோழர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஓய்வு பெற்ற பாயிண்ட்ஸ்மேன்கள், ஷண்டர்கள், ஃபயர்மேன்கள் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இன்னும் இருக்கிறார்கள். போனில் பதிவு செய்யுங்கள். சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள், தண்ணீர்ப் பானை ஒன்றா இரண்டா, பதவி உயர்வு எந்த இடத்தில் நின்றது என்றெல்லாம் கேளுங்கள். அவர்களுக்கு வயதாகிறது. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் கன்டெய்னர் முனையத்தின் 30 ஆண்டு ஒப்பந்தம் 2031-ல் முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிடும். பொது நிலத்தில் நடக்கும் முனையம் ரோஸ்டரைப் பின்பற்றவேண்டும் என்ற வரி அதில் ஏறவேண்டுமானால் கோரிக்கை இப்போதே கிளம்பவேண்டும். எங்கள் படிப்பகத்திலிருந்து முதல் ஐந்து மனுக்கள் இந்த மாதம் போகின்றன. அந்த மாணவியின் கேள்வியைத்தான் முதல் மனுவில் முதல் கேள்வியாக வைத்திருக்கிறோம்.