கொர்னிஷ் சாலையில் யார் ஓட்டுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில் அண்ணன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். பெரியப்பா மகன். பிரான்ஸின் தென்கடற்கரையில் ஃப்ரெஜுஸ் என்ற ஊரில் இருக்கிறார். நம் புதுச்சேரி சொல்தா குடும்பங்கள் சில அங்கே போய்த் தங்கிவிட்டன. அண்ணனும் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்தான்.

"டேய் தம்பி, வர ஏப்ரல்ல நீ இங்க வர்றே. ரெண்டு பேரும் கார்லயே இத்தாலி போறோம். ஹைவே வேணாம், கொர்னிஷ் ரோட்டுலயே போவோம். நான்தான் ஓட்டறேன்" என்றார்.

எனக்கு வயது 74. அண்ணனுக்கு 78. தூக்கம் கலைந்துவிட்டது.

கொர்னிஷ் என்றால் சுவரின் உச்சியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு. நம் ஊர்க் கொத்தனார்கள் 'கார்னிஸ்' என்று சொல்கிறார்களே, அதே சொல்தான். மலைச் சரிவை அந்த விளிம்பு போலச் செதுக்கிப் போட்ட சாலைக்கும் அதே பெயர். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு லுவார் நதி எங்கே பிறந்து எங்கே கடலில் சேர்கிறது என்பது மனப்பாடம். நம் தென்பெண்ணை எங்கே பிறக்கிறது என்பதை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்படிப் படித்த நாட்டின் சாலையில், ஒன்றாகக் கோலி விளையாடிய அண்ணனோடு போவதென்றால் ஆசை இருக்காதா? அன்று மாலையே வரைபடத்தை விரித்து உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு எழுதியவனுக்கு எதையும் தாளில் வரிசையாக எழுதினால்தான் மனம் அடங்கும்.

முதல் கேள்வி, எந்த வழி?

ஃப்ரெஜுஸிலிருந்து இத்தாலி எல்லை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இங்கிருந்து திருவண்ணாமலை போகிற தூரம். அதிவேக நெடுஞ்சாலையில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடலோரமாகப் போனால் ஒரு முழு நாள் வேண்டும். முதலில் எஸ்தெரல் மலை. 1903-ல் திறந்த சாலை அது. செம்பாறை நேராகக் கடலில் இறங்கும். பிறகு கான், நீஸ். நீஸ் தாண்டியதும் மலை கடலை நெருக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கொர்னிஷ் சாலைகள் இருக்கின்றன. கீழே கடலை ஒட்டி ஒன்று. அது வில்ஃப்ரான்ஷ், மொனாக்கோ வழியாகப் போகிறது. நடுவில் ஒன்று; எஸ் என்ற கோட்டைக் கிராமத்தை ஒட்டிப் போகிறது. மேலே இருப்பது நெப்போலியன் காலத்தில் போட்டது. அது லா துர்பி என்ற ஊரைத் தொடுகிறது. ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் வெற்றிச் சின்னம் 2000 ஆண்டுகளாக அங்கே நிற்கிறது. மூன்று சாலைகளும் மாந்தோன் பக்கம் வந்து சேர்கின்றன. அதைத் தாண்டினால் இத்தாலி.

அண்ணன் மகள், "எதுக்கு சித்தப்பா அந்த வளைவெல்லாம்? நெடுஞ்சாலைதான் பாதுகாப்பு" என்று செய்தி அனுப்பியிருந்தாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நீஸுக்குக் கிழக்கே அந்த நெடுஞ்சாலை மலையைக் குடைந்து போகிறது. சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம். கண்ணில் புரை எடுத்தவர்களுக்குத் தெரியும், இருட்டிலிருந்து சட்டென்று வெயிலுக்கு வந்தால் இரண்டு மூன்று வினாடி ஒன்றும் தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி என்றால் 80 மீட்டருக்கு மேல் குருட்டாம்போக்கில் போகிறோம். அந்தச் சுரங்கத்தில் கடலும் தெரியாது, எல்லையும் தெரியாது. அதற்கு எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து போக வேண்டியதில்லை. ஆகவே வழி விஷயத்தில் என் ஓட்டு அண்ணனுக்கே.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் போகும். மேற்கிலிருந்து கிழக்கே போனால் கடலும் வலப்பக்கம். ஆக இத்தாலிக்குப் போகும்போது நம் வண்டி கடல் பக்க விளிம்பில் இருக்கும். திரும்பும்போது மலைச் சுவரை ஒட்டி இருக்கும். காட்சி பார்க்க ஆசைப்படுகிறவருக்குப் போகும் வழி நல்லது. தலை சுற்றுகிறவருக்குத் திரும்பும் வழி நல்லது. இதைத் தெரிந்துகொண்டு எந்தப் பக்கம் எந்தச் சாலை என்று முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, காகிதம்.

"எல்லையெல்லாம் எப்பவோ எடுத்துட்டாங்கடா" என்பார் அண்ணன். ஷெங்கன் ஒப்பந்தத்தால் 1990-களில் அந்தச் சாவடிகள் சும்மாவாகிப் போனது உண்மைதான். ஆனால் 2015 நவம்பரில் பிரான்ஸ் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதிலிருந்து நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். இத்தாலிக்குள் போகும்போது பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். திரும்பி மாந்தோனுக்குள் நுழையும்போது நிறுத்துவார்கள். நம் நிறத்தைப் பார்த்தால் கட்டாயம் நிறுத்துவார்கள் என்று அண்ணனே சொல்கிறார். அவரிடம் பிரெஞ்சு அடையாள அட்டை இருக்கும். என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் விசாவும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு நகலை எடுத்துப் போகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்தப் பயணத்துக்கு அது உதவாது.

விசா ஒன்றே இரண்டு நாட்டுக்கும் போதும். அதிக நாள் பிரான்ஸில் தங்குவதால் பிரெஞ்சு விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அண்ணன் அவருடைய ஊர் மேரியில், அதாவது நகராட்சியில், என்னை வீட்டில் தங்க வைப்பதாக ஒரு பத்திரம் வாங்கி அனுப்ப வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். நம் வயதில் ஏற்கனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு அது செல்லுமா என்று படித்துப் பார்த்து எடுக்க வேண்டும். அந்தச் சின்ன எழுத்தைப் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள். நாம்தான் படிக்க வேண்டும்.

ஒரே தாத்தாவின் பேரன்கள் இரண்டு பேருக்கு ஏன் இரண்டு நாட்டுக் காகிதம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்து ஊர்களின் கதையும் நம் கதை போலத்தான் இருக்கிறது. நீஸ் 1860-ல்தான் பிரான்ஸோடு சேர்ந்தது, வாக்கெடுப்பு நடத்தி. மறு வருஷம் மாந்தோனைப் பிரான்ஸுக்கு விட்டுக்கொடுக்க மொனாக்கோ இளவரசர் 40 லட்சம் ஃபிராங்க் வாங்கிக்கொண்டார். மலைக்கு உள்ளே இருக்கும் தாந்த் என்ற ஊர் 1947 வரை இத்தாலியில் இருந்தது. அங்கேயும் வாக்கெடுப்பு. ஏழு வருஷம் கழித்து, 1954 அக்டோபரில், நம் கீழூரில் 178 பேர் கூடி வாக்களித்தார்களே, அதை நினைத்துக்கொண்டேன். கோடு இடம் மாறும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவன் அந்தப் பக்கத்து ஆள் ஆகிவிடுவான். இன்றைக்கும் இங்கிருந்து காலாப்பட்டுக்குப் பேருந்தில் போனால் நடுவில் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்து போகிறது. எல்லைக்குப் பயப்படுகிற ஊர்க்காரர்கள் இல்லை நாம். காகிதம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவே.

மூன்றாவது கேள்விதான் என்னை இரண்டு வாரமாகத் தூங்க விடவில்லை. வண்டியை யார் ஓட்டுவது?

கிரேஸ் கெல்லியை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹிட்ச்காக்கின் 1955-ம் வருஷப் படத்தில் இதே மலைச் சாலைகளில் காரைப் பறக்கவிட்டவர். அடுத்த வருஷம் மொனாக்கோ இளவரசரை மணந்து அங்கேயே தங்கிவிட்டார். 1982 செப்டம்பர் 13-ம் தேதி லா துர்பியிலிருந்து இறங்கும் சாலையில் அவர் ஓட்டிய கார் வளைவில் திரும்பாமல் சரிவில் விழுந்தது. மறுநாள் இறந்துபோனார். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள் மருத்துவர்கள். அப்போது அவருக்கு வயது 52. கால் நூற்றாண்டாக அவர் போய் வந்த வட்டாரம் அது. பழகிய சாலை, பழகிய கை. உடம்பு ஒரு நிமிஷம் ஏமாற்றிவிட்டது. பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தார், காயத்தோடு பிழைத்தார்.

அண்ணனுக்கு 78. இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு வாக்கியத்தையும் அவரிடம் சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராணுவத்தில் லாரி ஓட்டியவர். அண்ணி போன பிறகு கையில் மிச்சம் இருப்பது அந்த ஸ்டியரிங்தான்.

சட்டம் இதில் உதவுமா என்று பார்த்தேன். பிரான்ஸில் சாதாரணக் கார் ஓட்ட வயதுக்காக மருத்துவச் சோதனை கிடையாது. அண்ணன் இளம் வயதில் வாங்கிய ரோஜா நிறக் காகிதப் பர்மி இன்றும் செல்லும். இத்தாலிய லைசென்ஸ் வைத்திருப்பவர் என்றால் 70-க்கு மேல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, 80-க்கு மேல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டித்தான் புதுப்பிக்க வேண்டும். நம் நாட்டில் 55-க்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, டாக்டர் சான்றிதழோடு. ஆக, மாந்தோனில் எல்லையை ஒட்டிக் குடியிருக்கும் 78 வயதுக்காரரை யாரும் கேட்பதில்லை. ஒரு பாலம் தாண்டி அந்தப் பக்கம் குடியிருப்பவரைக் கேட்கிறார்கள். கண்ணும் இதயமும் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே?

வயதானவர்களை வண்டி ஓட்டவே விடக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பேருந்து வராத ஊரில் காரைப் பிடுங்கினால் அந்த மனிதரை வீட்டுக்குள் பூட்டியது போல. அறுபதிலேயே ஓட்டத் தகுதி இழந்தவர்களும் உண்டு, எண்பதிலும் நன்றாக ஓட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று நாமே நமக்குச் சான்றிதழ் எழுதிக்கொள்ள முடியாது. அலுவலகத்தில் யாரும் தன் விடுமுறை விண்ணப்பத்தில் தானே ஒப்புதல் போட்டுக்கொள்ள முடியாது அல்லவா? அதுபோலத்தான். சட்டம் கேட்கவில்லை என்பதால் சோதனை தேவையில்லை என்று ஆகாது. சட்டம் கேட்காத இடத்தில் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார், எதிரே முகம் தெரியாத ஒருவர் வருகிறார்.

கடைசியில் ஒரு கடிதமாகவே எழுதி, படம் எடுத்து அனுப்பினேன். பேசினால் கோபத்தில் முடியும். "அண்ணே, இத்தாலிக்காரன் அவன் ஊர்க் கிழவனிடம் கேட்பதை நான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் டாக்டரிடம் போய்க் கண், இதயம் இரண்டையும் காட்டுங்கள். 'கொர்னிஷ் ரோட்டுல ஓட்டலாமா' என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். அவர் சரி என்றால் எஸ்தெரல் வரை நீங்கள் ஓட்டுங்கள், காலை நேரத்தில், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி. நீஸிலிருந்து மாந்தோன் வரை பாப்பா ஓட்டட்டும். அவளுக்கு லீவு கிடைக்காவிட்டால் காரை நீஸில் விட்டுவிட்டு ரயிலில் வென்டிமிலியா போவோம். அந்த ரயிலும் கடலோரமாகத்தான் போகிறது. வெள்ளிக்கிழமை போனால் அங்கே சந்தை கூடும். டாக்டர் வேண்டாம் என்றால் எல்லாமே ரயில், பஸ்தான். நான் எப்படியும் வருவேன். உங்களைப் பார்க்கத்தான் வருகிறேன், ரோட்டைப் பார்க்க அல்ல" என்று எழுதினேன்.

மூன்று நாள் பதில் இல்லை. நீல டிக் மட்டும் விழுந்திருந்தது. நான்காம் நாள் காலையில் ஒரு செய்தி வந்தது. "கண் டாக்டர் ராந்தெவு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் கொடுத்திருக்கான். பாப்பாகிட்ட லீவு போடச் சொல்லிட்டேன். ஆனா முன் சீட்டு எனக்கு."

முன் சீட்டு கடல் பக்கம். விட்டுக்கொடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அண்ணன் இருக்கலாம். அந்த அண்ணன் நீங்களாகவும் இருக்கலாம். பிள்ளைகள் ஒரு நாள் சாவியை ஒளித்து வைப்பதற்கு முன்னால், நாமே போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்து கேட்டுவிடுவது மரியாதை. நானும் என் ஸ்கூட்டருக்காக வரும் புதன்கிழமை போகிறேன்.