தடை போடாமலே காணாமல் போன படம்

ஒரு படத்தை மக்கள் பார்க்கக் கூடாது என்று யாராவது நினைத்தால் என்னவெல்லாம் செய்வார்கள்? சென்சாரில் நிறுத்தலாம், கோர்ட்டுக்குப் போகலாம், தியேட்டர் வாசலில் கல் எறியலாம். இதிலெல்லாம் ஒரு சிக்கல் உண்டு. சத்தம் வரும், பேப்பரில் செய்தி வரும், அப்புறம் அந்தப் படத்தைப் பார்க்காதவனுக்கும் பார்க்க ஆசை வந்துவிடும். சத்தமே வராத இன்னொரு வழி இருக்கிறது. படத்தின் பிரதிகளைத் தியேட்டர்களுக்கு அனுப்பாமல் விட்டுவிடுவது! 1973-ல் வந்த 'தி ஸ்பூக் ஹூ சாட் பை தி டோர்' என்ற அமெரிக்கப் படத்துக்கு நடந்தது அதுதான்.

தலைப்பிலேயே ஒரு குத்தல். 'ஸ்பூக்' என்றால் உளவாளி. கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் வார்த்தையும் அதுவே. கதவோரம் உட்காருவது என்றால், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி ஆபீஸ் வாசலில் ஒரு கறுப்பரை உட்கார வைப்பது. நம் ஊர் விளையாட்டில் சொல்வார்களே, ஒப்புக்குச் சப்பாணி, அந்த மாதிரி.

கதை இதுதான். தேர்தலில் கறுப்பர் ஓட்டு தேவைப்படும் ஒரு செனட்டர், சிஐஏவில் கறுப்பின அதிகாரிகளே இல்லையே என்று பிரச்சினை கிளப்புகிறார். சிஐஏ சிலரைப் பயிற்சிக்கு எடுக்கிறது. எல்லோரும் தோற்றுப் போக வேண்டும் என்பதுதான் திட்டம். டான் ஃப்ரீமன் என்ற அமைதியான ஆள் மட்டும் தேறிவிடுகிறான். அவனுக்குக் கிடைக்கும் வேலை? காகிதங்களை நகல் எடுக்கும் பிரிவின் தலைவர் பதவி! சில வருடங்கள் பொறுமையாக இருந்துவிட்டு வேலையை விட்டு சிகாகோ திரும்புகிறான். வெளியே சமூக சேவகர், உள்ளுக்குள் வேறு ஆள். தெருச் சண்டை போட்டுத் திரியும் இளைஞர்களுக்கு, சிஐஏ தனக்குச் சொல்லிக் கொடுத்த கெரில்லா வித்தை முழுவதையும் கற்றுக் கொடுக்கிறான்.

அந்தப் பயிற்சிக் காட்சிகள்தான் படத்தின் உயிர். கையில் துடைப்பமோ தட்டோ வைத்திருக்கும் கறுப்பனை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள், அதனால் அவன் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம் என்கிறான் ஃப்ரீமன். வெளிர் நிறத்தில் இருக்கும் பையன்களை வைத்து வங்கியைக் கொள்ளையடிக்கிறார்கள். போலீஸ் வெள்ளைக்காரத் திருடர்களைத் தேடிக்கொண்டிருக்கிறது! எதிராளியின் இளக்காரத்தையே அவனுக்கு எதிரான ஆயுதமாக்குவது. துப்பாக்கிச் சண்டைகளைவிட இந்த யோசனைதான் பலரைக் கலங்கடித்திருக்கும்.

இதை எழுதிய சாம் கிரீன்லீ ஒன்றும் கற்பனையில் மிதந்தவர் அல்ல. அமெரிக்கத் தகவல் துறையின் அதிகாரியாக ஈராக், பாகிஸ்தான், இந்தோனேசியா, கிரீஸ் என்று வேலை பார்த்தவர். 'கதவோரம் உட்கார்ந்த' அனுபவம் அவருக்கே உண்டு. அவருடைய நாவலை அமெரிக்கப் பதிப்பாளர்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 1969-ல் லண்டனில் மார்கரெட் பஸ்பியும் கிளைவ் அலிசனும் நடத்திய சின்னப் பதிப்பகம்தான் முதலில் போட்டது. அதே வருடம் டிசம்பர் 4-ந் தேதி சிகாகோவில் பிளாக் பாந்தர் கட்சியின் 21 வயதுத் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டனைப் போலீஸ் விடியற்காலையில் வீடு புகுந்து சுட்டுக் கொன்றது. கதை எந்த மண்ணில் நடக்கிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இனி பணக் கணக்குக்கு வருவோம். இயக்குநர் ஐவன் டிக்சனும் கிரீன்லீயும் படத்துக்கான முதலீட்டின் பெரும்பகுதியைக் கறுப்பின மக்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டினார்கள். சிகாகோவில் படப்பிடிப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை. பக்கத்து மாநிலத்தில் இருக்கும் கேரி நகரத்தின் கறுப்பின மேயர் ரிச்சர்ட் ஹேச்சர் கை கொடுத்தார். பாதியில் பணம் தீர்ந்தபோது யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்திடம் போனார்கள். சண்டைக் காட்சிகளை மட்டும் பொறுக்கிப் போட்டுக் காட்டினார்கள். அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்த கறுப்பு ஹீரோ அடிதடிப் படங்களில் இது இன்னொன்று என்று நினைத்துப் பணம் போட்டார்கள். முழுப் படத்தையும் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது!

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், படம் வெளியானது. கூட்டமும் வந்தது. ஆனால் சில வாரங்களுக்குள் தியேட்டர்களிலிருந்து படம் காணாமல் போனது. எஃப்பிஐ தியேட்டர்காரர்களை மிரட்டியது என்று கிரீன்லீ கடைசி வரை சொல்லி வந்தார். அது ஒருபுறம் இருக்கட்டும். கூட்டம் வந்துகொண்டிருந்த படத்தை எடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எது விற்குமோ அதைத்தான் வியாபாரி விற்பான், சந்தைக்கு நிறமும் கிடையாது அரசியலும் கிடையாது என்று வணிகவியல் பாடத்தில் படிக்கிறோம். இந்த இடத்தில் அந்தப் பாடம் உதைக்கிறது. பார்க்கும் ஆளும் இருந்தான், படமும் இருந்தது. நடுவில் விநியோகஸ்தர் என்ற ஒரே ஒரு கதவு. அதை மூடியதும் எல்லாம் முடிந்தது. தடை உத்தரவு இருந்தால் அதை எதிர்த்து வழக்காவது போடலாம். 'ஓடவில்லை, எடுத்துவிட்டோம்' என்று சொன்னால் யாரை எதிர்த்து வழக்குப் போடுவது?

அப்படியானால் கோபமான படம் எல்லாமே முடக்கப்பட்டதா என்றால், இல்லை. இரண்டு வருடம் முன்னால் 1971-ல் மெல்வின் வான் பீபிள்ஸ் தன் சொந்தப் பணத்தையும், பில் காஸ்பி கொடுத்த 50,000 டாலர் கடனையும் போட்டு 'ஸ்வீட் ஸ்வீட்பேக்' என்ற படத்தை எடுத்தார். முதலில் டெட்ராய்ட், அட்லாண்டா இரண்டு ஊரில் மட்டும் ரிலீஸ். வசூல் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. பெரிய ஸ்டூடியோக்கள் வெளியிட்ட 'ஷாஃப்ட்', 'சூப்பர் ஃப்ளை' படங்களும் பணத்தை வாரின. இந்த மூன்றிலும் ஹீரோ தனி ஆள். அடிப்பான், ஓடுவான், ஜெயிப்பான். ஃப்ரீமன் தனி ஆள் அல்ல. அவன் ஆட்களைச் சேர்க்கிறான், பயிற்சி கொடுக்கிறான், தான் செத்தாலும் வேலை நிற்காதபடி ஊர் ஊராக ஏற்பாடு செய்கிறான். தனி மனிதக் கோபத்துக்கு டிக்கெட் விற்கலாம். கூட்டு முயற்சிக்கு விற்கப் பயப்படுகிறார்கள்.

படத்தில் குறையே இல்லையா? நிறைய இருக்கிறது. பணப் பற்றாக்குறை பல காட்சிகளில் பல்லிளிக்கிறது. பெண்களுக்கு அதில் போராளிகளாக இடமே இல்லை, பாந்தர் கட்சியில் அத்தனை பெண்கள் முன்னணியில் இருந்த காலத்திலும்! வன்முறையைத் தூண்டுகிறது என்ற குற்றச்சாட்டையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஃப்ரீமன் தன் பழைய நண்பனையே கொல்கிறான், அதைப் படம் கொண்டாடவில்லை, மறைக்கவும் இல்லை. இதையெல்லாம் படத்தைப் பார்த்தவர்கள் உட்கார்ந்து சண்டை போட்டிருக்க வேண்டும். அந்தச் சண்டைக்கான வாய்ப்பைத்தான் பறித்தார்கள்.

2018-ல் வந்த 'பிளாக் பாந்தர்' படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலும் அமெரிக்க ராணுவம் பயிற்சி கொடுத்த ஒரு கறுப்பன், அந்த வித்தையை ஒடுக்கப்பட்டவர்களுக்காகத் திருப்பப் பார்க்கிறான். ஆனால் அவன் வில்லன்! ஆயுதம் ஏற்றிய விமானங்களைச் சுட்டு வீழ்த்தி ஹீரோவுக்கு உதவுபவர் ஒரு சிஐஏ அதிகாரி. உலகம் முழுக்க 130 கோடி டாலருக்கு மேல் வசூல். நல்ல படம்தான், பல குழந்தைகளுக்குப் பெருமை கொடுத்த படம்தான். ஆனாலும் 45 வருடத்தில் ஃப்ரீமன் எந்தப் பக்கம் தள்ளப்பட்டான் என்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஹாம்ப்டன் கதையைக்கூட 2021-ல் வார்னர் பிரதர்ஸ் படமாக்கி வெளியிட்டது, ஆஸ்காரும் வாங்கியது. அவர் இறந்து 50 வருடத்துக்கு மேல் ஆன பிறகு!

'ஸ்பூக்' படம் பிழைத்தது அதிர்ஷ்டத்தால். நெகட்டிவை வேறு பெயரில் ஒரு பெட்டகத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். திருட்டு வீடியோ கேசட்டுகளாகக் கை மாறிக் கொண்டிருந்த படம், 2004-ல் டிவிடியாக வந்தது. 2012-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், பாதுகாக்க வேண்டிய படங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. டிக்சன் 2008-லேயே காலமாகிவிட்டார், அதைப் பார்க்கவில்லை. கிரீன்லீ பார்த்தார், 2014-ல் மறைந்தார்.

பாதுகாத்தது நல்லதுதான். ஆனால் 1973-ல் சிகாகோவில் டிக்கெட் வாங்க வரிசையில் நிற்க நினைத்த ஒரு பையனுக்கு அந்தப் பதிவேட்டால் என்ன லாபம்? அவனுக்குத் தேவைப்பட்டது இன்னும் சில வாரங்கள் ஓடும் ஒரு தியேட்டர். எந்தப் படத்தைப் பற்றியாவது 'மக்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் ஓடவில்லை' என்று யாராவது சொன்னால், அது எத்தனை தியேட்டரில் எத்தனை நாள் ஓட விடப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு மக்களின் ரசனையைப் பற்றிப் பேசலாம்.