டோப்பாவின் முன் வரிசை

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். தலையில் முடி போனால் அப்படி விட முடியாது. அரை அங்குலத்துக்கே ஆயிரம் கணக்குப் பார்க்க வேண்டும். எந்த அரை அங்குலம்? நெற்றியும் முடியும் சந்திக்கிற அந்த முன் விளிம்புதான்!

டோப்பா வைத்தவரை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? பின் மண்டையை யார் பார்க்கிறார்கள்? காதோரத்தில் இருப்பது அவருடைய சொந்த முடி. காட்டிக் கொடுப்பது முன் வரிசைதான்.

எங்கள் இண்டூர், தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற ரோட்டில் இருக்கிறது. இந்தப் பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு டோப்பா ஒன்றும் புதிதில்லை. ஆனால் கூத்தில் துரியோதனனுக்குக் கிரீடம் உண்டு. விளிம்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஜூலியஸ் சீசர் செய்ததும் இதையேதான். இலைக் கிரீடத்தை எப்போதும் அணிந்துகொள்ளலாம் என்று அவருக்கு உரிமை கொடுத்தபோது, வழுக்கையை மறைக்க வசதி என்று மனுஷன் மகிழ்ந்து போனாராம். சூட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். நாம் கிரீடத்தோடு ரேஷன் கடை க்யூவில் நிற்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

டோப்பா வேண்டாம், இருக்கிற முடியையே இழுத்துப் போர்த்தலாம் என்பது இன்னொரு கட்சி. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஓர் அப்பாவும் பிள்ளையும், பக்கவாட்டு முடியை மூன்று பாகமாகப் பிரித்து வழுக்கை மேல் வாருகிற வித்தைக்கு 1977-ல் பேடன்ட்டே வாங்கினார்கள். 2004-ல் அதற்கு இக் நோபல் என்ற கிண்டல் பரிசும் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பல பேர் இந்த வித்தையை ஒரு பேடன்ட்டும் இல்லாமல் தேங்காய் எண்ணெயும் சீப்புமாகச் செய்துகொண்டிருந்தவர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பர் ஒருவருக்கு முப்பத்துநாலு வயது. பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். தலைமுடியோ, பி.காம். பாஷையில் சொன்னால், வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக் கழித்து ஏறக்குறைய ஸ்க்ராப் வேல்யூவுக்கு வந்திருந்தது. டோப்பா வாங்கிவிட்டார். வெட்டிச் சரி செய்ய சலூனுக்குப் போனபோது துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். கையில் அவருடைய காலேஜ் ஐடென்டிட்டி கார்டு.

"அண்ணா, இதே மாதிரி வேணும். இங்கிருந்து ஆரம்பிக்கணும்" என்று நெற்றியில் பாதியைக் காட்டினார்.

சலூன்காரர் முப்பது வருஷ சர்வீஸ். போட்டோவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "தம்பி, புருவத்தைத் தூக்குங்க" என்றார். தூக்கினார். நெற்றியில் கோடு கோடாகச் சுருக்கம் விழுந்தது.

"மேல இருக்கிற சுருக்கம் தெரியுதா? முடி அதுக்கும் மேலதான் ஆரம்பிக்கணும். கீழ ஒட்டினா நீங்க ஆச்சரியப்படும்போதெல்லாம் டோப்பாவும் சேர்ந்து ஆச்சரியப்படும்!"

அவர் சொல்லச் சொல்ல எனக்கே பாதி பாடம் ஆகிவிட்டது. இயற்கை முடி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஆரம்பிப்பதில்லை. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாய் மெல்லிய பூனை முடி. பிறகு கொஞ்சம் அடர்த்தி. அதற்குப் பிறகுதான் காடு. நல்ல டோப்பாவில் முன்பக்கம் கொசுவலையைவிட மெல்லிய லேஸ் துணி இருக்கும். அதில் ஒவ்வொரு முடியையும் குட்டிக் கொக்கி ஊசியால் முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். முடிச்சு கரும்புள்ளியாய்த் தெரியாமலிருக்க அதன் நிறத்தையும் வெளுக்கச் செய்வார்கள். மலிவான டோப்பாவில் முதல் வரிசையே அடர்த்தியாய் இருக்கும். அதைச் சீப்பு வைத்து நேராகப் பின்னுக்கு வாரினால் விளிம்பு முழுக்க வெளிச்சம் போட்டுக் காட்டும்.

சலூன்காரர் முதலில் டோப்பாவைத் தலையில் பொருத்தினார். பிறகுதான் கத்தரியை எடுத்தார். முன் முடியை ஒரே வெட்டாக வெட்டவில்லை. கத்தரியின் நுனியால் கொத்திக் கொத்தி மேடு பள்ளமாக்கினார். முதல் வரிசையில் சில முடிகளை ட்வீசரால் பிடுங்கியே விட்டார். நண்பர் 'ஐயோ' என்றார், வலித்தது பர்ஸில்! பொட்டுப் பக்கம் இரண்டு மூலையிலும் கொஞ்சம் ஏறு நெற்றி விட்டார். லேசாக ஈரம் செய்து, ட்ரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, வேரைத் தூக்கிச் சாய்வாக ஒதுக்கினார். நாலைந்து முடியை மட்டும் நெற்றியில் விழவிட்டார்.

"பதினெட்டு வயசு முடியைக் கேட்டா யாரும் நம்ப மாட்டாங்க தம்பி. முப்பத்துநாலு வயசுக்கு என்ன இருக்கணுமோ அதை மட்டும் கேளுங்க. குறையைக் கொஞ்சம் வெச்சாத்தான் நிஜம்."

கண்ணாடியில் பார்த்த நண்பர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வந்ததும் புதுக் கவலை. பஸ்ஸில் ஜன்னல் சீட் கூடாது. வியர்க்கக் கூடாது. ஒகேனக்கல் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. அங்கே எண்ணெய் மசாஜ்காரர்கள் வரவேற்பார்கள். எண்ணெய் பட்டால் ஒட்டு கழன்றுகொள்ளும்!

"பொண்ணு வீட்ல சொல்லணுமா?" என்றார் மெதுவாக.

சினிமாவில் கத்தை முடியோடு வருகிற ரஜினிகாந்த், வெளியே மேடைக்கு வழுக்கைத் தலையோடுதான் வருகிறார். அதற்காக யாராவது கைதட்டலைக் குறைத்தார்களா? திரையில் டோப்பா வேஷம். அது எல்லாருக்கும் தெரிந்த ஒப்பந்தம். கல்யாணத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்தால் அது ஒப்பந்தம் இல்லை. மும்பை பக்கத்து மீரா ரோட்டில், வழுக்கையை மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டார் என்று கணவர் மேல் மனைவி போலீஸில் புகார் கொடுத்த செய்தி 2020-ல் வந்தது. அந்தப் பெண்ணுக்குக் கோபம் முடி மேல் மட்டுமா இருந்திருக்கும்? "முதல் நாளே இதை மறைத்தவர் இன்னும் எதையெல்லாம் மறைப்பார்" என்ற பயமும்தான் இருந்திருக்கும். இதைத்தான் நண்பரிடம் சொன்னேன்.

பென்னாகரத்தில் பெண் பார்க்கப் போனார். பஜ்ஜி, கேசரி முடிந்ததும், தனியாக அஞ்சு நிமிஷம் பேசணும் என்று கேட்டு, சொல்லிவிட்டார். கழற்றியும் காட்டினாராம்! பெண் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அப்பா, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். அந்த வாக்கியத்துக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்று வாரம் மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. நல்ல யோசனை சொன்ன என்னைப் பார்த்தால் ரோட்டின் எதிர்ப்பக்கம் போனார்.

நாலாவது வாரம் பெண்ணே போன் செய்தாள். "முகூர்த்தத்துக்கு வெச்சுக்குங்க, ஆல்பம் காலத்துக்கும் இருக்கும். வீட்ல வேணாங்க. நம்மூரு வெயிலுக்கு உங்க தலை என்ன பாவம் பண்ணுச்சு?"

இப்போது நண்பர் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போடுகிறார். தேனிலவு எங்கே என்று கேட்டேன்.

"ஒகேனக்கல்தான். மசாஜுக்குத் தலையும் உண்டு!"