கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தும் கொள்கை: கோரிக்கை மனு

பெறுநர்: அரசுச் செயலாளர், சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை, தலைமைச் செயலகம், சென்னை.
வழி: மாவட்ட ஆட்சியர், காஞ்சிபுரம்.
பொருள்: கரியமில வாயுப் பயன்பாட்டுக்கான ஊக்கத்தொகையை, அவ்வாயு அடைபட்டிருக்கும் காலத்தைக் கொண்டு நிர்ணயிக்கக் கோருதல்.

புகைபோக்கியில் வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்துச் சரக்காக மாற்றும் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை 2016இல் தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து இவ்வாயுவைப் பிரித்துச் சோடா ஆஷ் தயாரிக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் வரை பிடிக்கும் திறன் கொண்ட அந்த ஏற்பாட்டுக்குத் தொழில்நுட்பம் அளித்தது, கரக்பூர் ஐஐடியில் படித்த இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனம். அரசு மானியம் இன்றியே அது நடந்தது. ஆலைக்கு இவ்வாயு எப்படியும் தேவைப்பட்டது. தன் புகையிலேயே பிடித்துக்கொள்வது கட்டுப்படியானது. சரக்குக்குச் சந்தை இருக்கும் இடத்தில் மானியம் கட்டாயமில்லை என்பதற்கு இது சான்று.

இன்று நிலைமை வேறு. 2070க்குள் நிகர சுழிய உமிழ்வு என்ற இலக்கை இந்தியா அறிவித்துள்ளது. 2050க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் பிடிக்கும் திறனை நிதி ஆயோக்கின் 2022 அறிக்கை முன்வைத்தது. ஒன்றிய அரசின் 2026-27 வரவு செலவுத் திட்டம் இத்துறைக்கு 5 ஆண்டுகளில் 20,000 கோடி ரூபாய் ஒதுக்க முன்மொழிந்தது. பெரும் பணம் வரும்போது எதற்குத் தருவது என்பதை முன்கூட்டியே வகுத்துவிட வேண்டும்.

பிடித்த டன்னை மட்டும் எண்ணிப் பணம் தருவதில்தான் சிக்கல். யூரியாவை எடுத்துக்கொள்ளலாம். ஒரு டன் யூரியா செய்ய ஏறத்தாழ 730 கிலோ கரியமில வாயு சேர்கிறது. பாலாற்றங்கரை நெல் வயலில் அதை இட்ட சில நாள்களில் மண்ணின் நொதிகள் யூரியாவைச் சிதைத்துவிடுகின்றன. சேர்ந்த வாயு பெரும்பாலும் காற்றுக்கே திரும்புகிறது. பட்டு நூலைக் காய்ச்சிப் பிசின் நீக்கவும் துணி சோப்புக்கும் போகும் சோடா ஆஷின் கணக்கு ஒன்று. அதையே கண்ணாடி உலையில் உருக்கினால் வாயு முழுவதும் வெளியேறிவிடும் என்பதால் அங்கே கணக்கு வேறு. சோடா பாட்டிலில் அடைத்தது மூடி திறக்கும்வரைதான் நிற்கும். இவை பயனற்ற தொழில்கள் அல்ல. ஆனால் வாயுவை அடைத்து வைத்ததாகச் சொல்லி ஊக்கத்தொகை கேட்க இவற்றுக்கு உரிமை இல்லை.

கான்கிரீட் இதற்கு நேர் எதிர். சிமெண்டில் உள்ள கால்சியத்தோடு வினைபுரியும் வாயு சுண்ணாம்புக் கல்லாக மாறித் தலைமுறைகளுக்கு உள்ளேயே தங்குகிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் காரத்தன்மை குறைந்து கம்பி துருப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ஆகவே கம்பியில்லாத ஹாலோ பிளாக், நடைபாதைக் கற்களுக்கே இம்முறை பொருந்தும். கிரஷர்களும் எம்-சாண்டும் நிறைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் இத்தகைய பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வழக்கமாகப் பல நாள் நீர் தெளித்து ஆற்றும் கற்களை வாயுவால் ஆற்றினால் நீரும் மிச்சமாகும். ஐஐடி சென்னையோ அண்ணா பல்கலைக்கழகமோ மேற்பார்வையிட, சிறு பட்டறைகளுக்கான முன்னோடித் திட்டம் ஒன்றை இம்மாவட்டத்தில் தொடங்க வேண்டும்.

வாயுவைப் பிடிக்கும் முன்னுரிமை சிமெண்ட் ஆலைகளுக்கே கிடைக்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போதே அதிலுள்ள வாயு பிரிகிறது. சிமெண்டின் உமிழ்வில் பாதிக்கும் மேல் இதனால் வருவது. சூரிய மின்சாரத்துக்கு மாறினாலும் இது நிற்காது. அரியலூரில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் திட்டத்தை டால்மியா சிமெண்ட் 2019இல் அறிவித்தது. நிலக்கரி மின்நிலையங்களின் கதை வேறு. வாயுவை உறிஞ்சிய கரைசலிலிருந்து அதைத் திரும்பப் பிரிக்கும் வெப்பமே மின் உற்பத்தியில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். பழைய அலகுகளின் ஆயுளை நீட்டிக்க இத்தொழில்நுட்பம் சாக்காகிவிடக் கூடாது.

நீர் பற்றியும் சொல்ல வேண்டும். கரைசலைக் குளிர்விக்கத் தொடர்ந்து நீர் தேவை. பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடலிலேயே ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான் தெரிகிறது. எனவே நீர்த் தணிக்கை முடியாமல் எந்த ஆலைக்கும் அனுமதி தரக் கூடாது. நிலத்தடி நீரைத் தவிர்த்து, சுத்திகரித்த கழிவுநீரையே பயன்படுத்த வேண்டும் என விதிக்க வேண்டும்.

பயன்படுத்த முடியாத வாயுவை நிலத்தடியில் செலுத்தும் யோசனை காவிரிப் படுகையையும் தொடக்கூடும். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், 2020, டெல்டாவில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் புதிதாகத் தோண்டுவதைத் தடுக்கிறது. கரியமில வாயுவைச் செலுத்தும் கிணறுகளையும் அதன் தடைப்பட்டியலில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.

ஊக்கத்தொகை பெறும் ஒவ்வோர் ஆலையும் பிடித்த அளவு, விற்ற பொருள், செலவான மின்சாரம், நீர் ஆகியவற்றை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து ஆதுலசாலையின் (மருத்துவமனையின்) படுக்கைகள், பணியாளருக்கான நெல், இருப்பிலிருந்த மருந்துகள் வரை 11ஆம் நூற்றாண்டிலேயே வெட்டப்பட்டுள்ளன. பொதுப் பணத்தின் கணக்கைப் பொதுவில் வைப்பது இந்த மண்ணுக்குப் பழக்கமானதே.

மாநிலக் கொள்கை வகுக்கப்படும்போது உழவர், நெசவாளர், சாயப்பட்டறையினர், கல் பட்டறையினர் கருத்தைக் காஞ்சிபுரத்தில் நேரில் கேட்ட பின்னரே விதிகளை இறுதி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
சங்க நிர்வாகிகள், திருமுக்கூடல்.