ரெண்டு கோட்டுக்கு என்ன அர்த்தம்?

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் என்றைக்குச் சுருக்கமாகப் பேசியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு. கணக்கு நோட்டைத் திறந்து, "ஆச்சி, இது தப்பா?" என்று கேட்டாள். 7 = 10 − 3 என்று எழுதியிருந்தாள். மேலே சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில் 10 − 3 = 7 என்று திருத்தம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த டீச்சருக்குப் போன் போடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் கோபம் போய் வெட்கம் வந்துவிட்டது. இந்த மாதிரித் திருத்தங்களை நானும் போட்டிருக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. கடற்கரையை ஒட்டிய பள்ளி, இரண்டாம் வகுப்பு. ஒரு பையன் விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் அம்மாவோடு இருந்துவிட்டுத்தான் வருவான். சட்டையில் செதில் ஒட்டியிருக்கும். 13 − 8 எவ்வளவு என்று கேட்டேன். "ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு" என்று விரலை மடக்கி, "அஞ்சு டீச்சர்" என்றான். கழித்தல் என்றால் பின்னோக்கித்தான் எண்ண வேண்டும், நீ ஏன்ல முன்னால போற என்று விரலிலேயே ஸ்கேலால் அடித்தேன். விடை சரி. அடியும் விழுந்தது.

அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் மீன் வாங்கப் போனபோது பார்த்தேன். 13 ரூபாய் மீனுக்கு ஒருவர் 20 ரூபாய் கொடுத்தார். இவன், "பதிமூணு... பதினாலு, பதினஞ்சு, இந்தா அஞ்சு, இருபது" என்று சில்லறையை எண்ணி வைத்தான். கடைக்காரர் எல்லாரும் மீதி கொடுப்பது இப்படித்தான். 20 − 13 என்பதை 13-லிருந்து மேலே ஏறிப் போட்டுவிட்டான். நான் கரும்பலகையில் தப்பு என்று சொன்ன அதே வழி. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றுவிட்டான். அதற்கு நான் மட்டும் காரணமில்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

2025-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் அதில் உண்டு. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வியாபாரக் கணக்கை மனதிலேயே சரியாகப் போடுகிறார்கள், அதையே பள்ளிக் கணக்காகத் தாளில் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். படித்ததும் அந்தச் செதில் ஒட்டிய சட்டைதான் ஞாபகம் வந்தது.

சரி, பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். = என்ற குறியை 1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் என்பவர் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தார். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறு எது என்பதுதான் அவர் சொன்ன காரணம். நம் பிள்ளைகளுக்கோ அந்த இரண்டு கோடு "இப்போ விடையை எழுது" என்கிற உத்தரவு. அமெரிக்காவில் 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 8 + 4 = □ + 5 என்ற கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 145 பேரில் ஒருவர்கூட 7 என்று சொல்லவில்லை. 12 அல்லது 17. ஆறாம் வகுப்பு!

ஒருவகையில் பிள்ளைகள் மேல் தப்பில்லை. முன்பு மீன் மார்க்கெட்டில் இரண்டு தட்டுத் தராசு தொங்கும். இந்தப் பக்கம் படிக்கல், அந்தப் பக்கம் சாளை. முள் நடுவில் நின்றால் சமம் என்று பார்த்தே தெரிந்துகொண்டோம். இப்போது எலக்ட்ரானிக் தராசு. மேலே வைத்தால் நம்பர் வருகிறது. கால்குலேட்டரிலும் அந்தக் கோட்டை அமுக்கினால் விடை வருகிறது. சமம் என்பதைப் பிள்ளை எங்கே பார்க்கும்?

இன்னொரு தொல்லை, "மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி" என்று வார்த்தையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பது. "ராணியிடம் 5 சங்கு. அது மணியிடம் இருப்பதைவிட 3 கூடுதல். மணியிடம் எத்தனை?" என்று கேட்டால் "கூடுதல்" என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டி 8 என்பார்கள். கதையைக் கேட்ட பிள்ளை 2 என்று சொல்லும்.

2007-08-ல் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சோழியும் சிப்பியும் எண்ணிய பிறகுதான் எனக்கே கழித்தல் புரிந்தது. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துச் சொல்லிக்கொடுப்பதில் எனக்குச் சந்தோஷமே. வருத்தமெல்லாம் வீட்டில்தான். எல்கேஜி பிள்ளையிடம் பக்கம் பக்கமாகக் கூட்டல் எழுதச் சொல்கிறீர்கள். விரல் விட்டு எண்ணினால் திட்டுகிறீர்கள். விரல் கடவுள் கொடுத்த மணிச்சட்டம், விடுங்கள்.

பேத்தியோடு அன்று என்ன செய்தேன் என்றால், 9 சிப்பி எடுத்துக் காட்டினேன். அவளைக் கண்ணை மூடச் சொல்லிச் சிலவற்றைச் சிரட்டைக்குள் மறைத்தேன். வெளியே 4. "உள்ளே எத்தனைட்டி?" யோசித்து 5 என்றாள். பிறகு அவள் மறைத்தாள், நான் சொன்னேன். வேண்டுமென்றே ஒருமுறை தப்பாகச் சொன்னேன், அவளுக்கு அப்படியொரு சிரிப்பு. ஏழெட்டுத் தடவை விளையாடிய பிறகுதான் பென்சில். 4 + 5 = 9, 9 − 4 = 5 என்று அவளே எழுதினாள். கடைசியில் என்னைப் பார்த்துக்கொண்டே 9 = 4 + 5 என்றும் எழுதினாள். நான் பெரிய டிக் போட்டேன்.

இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் அந்த 8 + 4 = □ + 5 கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். என்ன சொன்னது என்று கீழே எழுதுங்கள். 12 என்று சொன்னால் ஒன்றும் சொல்லாமல், ஏன் என்று மட்டும் கேளுங்கள். நீங்களே 12 என்று நினைத்திருந்தால் அதையும் எழுதலாம். உங்களில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது நான்தானே.