முதலில் ‘சிடி’ பழகுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: “தம்பி, நேற்று சேவ் செய்த பைலைக் காணோம். எங்கே போயிற்று?” பைல் எங்கும் போகவில்லை. வைத்த இடம்தான் நமக்குத் தெரியவில்லை.

மவுஸை மட்டுமே பழகுவது இதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் அண்மையில் பயன்படுத்திய பைல்கள் கண் முன்னே வந்து நிற்கும். கிளிக் செய்தால் திறக்கும். அது எந்த ட்ரைவில், எந்த போல்டருக்குள் இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? எனவே முதல் வாரத்திலேயே கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ‘சிடி’ என்ற ஒரு கட்டளையைப் பழகிக் கொள்ளுங்கள். “அதெல்லாம் இன்ஜினியர்களுக்கு” என்பார்கள். நம்பாதீர்கள்.

ஸ்டார்ட் மெனுவில் ‘சிஎம்டி’ என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு விண்டோவில் ‘சி:\யூசர்ஸ்\’ என்று தொடங்கி உங்கள் யூசர் பெயருடன் ஒரு வரி தெரியும். நீங்கள் இப்போது நிற்கும் இடத்தின் முகவரி அது. ‘டிர்’ என்று கொடுத்தால் அங்குள்ள பைல்களும் டைரக்டரிகளும் பட்டியலாக வரும். டைரக்டரி என்பது போல்டரின் பழைய பெயர். ‘சிடி டவுன்லோட்ஸ்’ என்றால் அந்த போல்டருக்குள் போகலாம். சிடி கொடுத்து, இடைவெளி விட்டு, இரண்டு புள்ளிகள் வைத்தால் ஒரு படி மேலே வரலாம். பெயரின் முதல் சில எழுத்துகளை டைப் செய்து டேப் கீயைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பிவிடும். பயம் வேண்டாம். இந்த இரண்டு கட்டளைகளும் எந்தப் பைலையும் அழிக்காது, மாற்றாது.

1981ல் வந்த முதல் டாஸில் டைரக்டரிக்குள் டைரக்டரி வைக்கும் வசதி கிடையாது. பிளாப்பியில் உள்ள எல்லாப் பைல்களும் ஒரே பட்டியலாக வரும். 1983ல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் வந்தபோது அது போதவில்லை. யூனிக்ஸைப் பார்த்து டாஸ் 2.0ல் டைரக்டரிகளைச் சேர்த்தார்கள். சிடி கட்டளையும் அப்போது வந்ததுதான். இன்றும் அதே வேலையைச் செய்கிறது.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம், நான் பட்ட அடி. கல்லூரி இறுதியாண்டில் என் ப்ராஜெக்ட் சி ட்ரைவில் இருந்தது. டி ட்ரைவில் இருந்த பழைய பைல்களை அழிக்க நினைத்து, ‘சிடி’யுடன் டி ட்ரைவ் போல்டரின் முகவரியைக் கொடுத்தேன். ட்ரைவும் மாற வேண்டுமானால் நடுவே சாய்கோடும் டி எழுத்தும் சேர்க்க வேண்டும். அதை மறந்துவிட்டேன். நான் நின்ற இடம் மாறவே இல்லை. அடுத்து, எல்லாவற்றையும் அழிக்கும் ‘டெல்’ கட்டளை. “நிச்சயமா?” என்று கேட்டது. ஒய் தட்டினேன். ப்ராஜெக்ட் பைல்கள் அத்தனையும் போயின. இப்படி அழித்தவை ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. பென் டிரைவில் இருந்த பத்து நாள் பழைய காப்பியை வைத்து மூன்று இரவு தூங்காமல் திரும்ப எழுதினேன்.

இதில் கம்ப்யூட்டர் மேல் தப்பே இல்லை. ப்ராம்ப்ட்டில் ‘சி’ என்றே இருந்தது. கேட்ட கேள்வியிலும் சி ட்ரைவின் முகவரி முழுதாக இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

மவுஸைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நானும் அன்றாடம் மவுஸைத்தான் பிடிக்கிறேன். ஆனால் ஒரு வாரம், தினம் பத்து நிமிடம் சிடி போட்டு உங்கள் ஹார்ட் டிஸ்க்கைச் சுற்றி வாருங்கள். பிறகு சேவ் செய்யும்போதும் டெலீட் செய்யும்போதும் ‘நான் எங்கே நிற்கிறேன்?’ என்று கண் தானாகவே முகவரியைப் பார்க்கும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் போதும், டெல் கட்டளையைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.