குதிரை ஓடிய மண்ணில் கூலிக்காரனுக்கும் பங்கு வேணும்!

காலடிப்பேட்டையில் மெட்ரோ ரயில் ஏறினால் நேரே கிண்டியில் இறங்கலாம். 2021-ல் வந்த வசதி இது. முன்னே பஸ் பிடித்துப் பாரிமுனை, அப்புறம் பீச் ஸ்டேஷன், மின்சார ரயில் என்று அலைந்துதான் ரேசுக்குப் போவார்கள். போகும்போது பையில் சம்பளப் பணம். திரும்பும்போது டீக்குக்கூடக் காசு இருக்காது!

1777-ல் கிண்டியில் குதிரை ஓட ஆரம்பித்தது. துரைமார்களும் ராஜாக்களும் கூடிய இடம். 1896-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் பிறந்தது. பேர் என்னவோ 'ராஜ விளையாட்டு'. பணம் கட்டித் தோற்றவர்களில் கூலிக்காரனும் உண்டு.

1974-ல் தி.மு.க. அரசு ரேசை ஒழிக்கச் சட்டம் போட்டது. கிளப் கோர்ட்டுக்குப் போனது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. அதுவும் கோர்ட்டுக்குப் போனது. 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை ஆட்டம்!

சரி, குதிரைக்கும் ஜாக்கிக்கும் திறமை இருக்கட்டும். சம்பளத்தைத் தொலைத்தவன் வீட்டில் அந்தத் திறமையா உலை வைத்தது?

வாடகைக் கதை இன்னும் வேடிக்கை. 1945-ல் 160 ஏக்கர் சர்க்கார் நிலம், 99 வருஷக் குத்தகை. வாடகை வருஷத்துக்கு 614 ரூபாய் சொச்சம். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை! காலடிப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனக்காரர் ஒரு மாசம் வாடகை தவறினால் வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். இங்கேயோ பாக்கி 730 கோடியாக ஏறியது. கட்டச் சொல்லி 2023-ல் ஐகோர்ட் உத்தரவு. 2024 செப்டம்பரில் குத்தகை ரத்து, கேட்டுக்கு சீல்!

மழை வந்தால் வேளச்சேரி மூழ்குவது ஊரறிந்த சேதி. அதற்காக மைதானத்தில் குளங்கள் வெட்டினார்கள். 118 ஏக்கரில் பூங்கா என்றும் அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்கணும். லாயம் கூட்டி, குதிரை தேய்த்துப் பிழைத்தவர்களை அம்போ என்று விடக்கூடாது. பூங்காவுக்குக் கட்டணம் போட்டு, காசுள்ளவனுக்கு மட்டும் கதவு திறக்கக்கூடாது.

கவர்னர் காலெட் நெசவாளிகளுக்கு அமைத்த பேட்டைதான் காலடிப்பேட்டை. 300 வருஷமாக அந்த ஊர் நிக்குது. உழைக்கிறவன் கால் ஊன்றிய மண் நிலைக்கும். 247 வருஷம் குதிரைக்கு விட்ட மண்ணில், இனி காலடிப்பேட்டைக் குழந்தைகளும் ஓசியில் ஓடி விளையாடட்டுமே!